காபிக் கழிவுநீர்: பிஓடி இறங்கிய பிறகும் நீர் கறுப்பதும் சிஓடி தங்குவதும் ஏன்?

கேள்வி: பண்ணைக்காடு தோட்டக்காரர்

அனைவருக்கும் வணக்கம். கீழ்ப்பழனி மலையில், பண்ணைக்காட்டிலிருந்து தாண்டிக்குடிக்குப் போகும் வழியில் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய அரபிகாத் தோட்டம் ஒன்று இருக்கிறது. பழத்தை அப்படியே விற்றுவிடாமல், நாங்களே பல்பரில் தோலுரித்து, தொட்டியில் ஓரிரவு புளிக்கவிட்டு, வழும்பு போகக் கழுவி, களத்தில் காயவைத்துப் பார்ச்மெண்ட்டாக, அதாவது உள்தோல் நீக்காத கொட்டையாக, கொடுக்கிறோம். உரிக்கும்போதும் கழுவும்போதும் வெளியேறும் நீர் முதலில் சுண்ணாம்புத் தொட்டிக்கும், அங்கிருந்து சாணக் கரைசல் விட்டு மூடிவைத்திருக்கும் காற்றில்லாக் குட்டைக்கும், பிறகு காற்றூட்டும் தொட்டிக்கும் போய், கடைசியாகத் திறந்த குட்டை ஒன்றில் நிற்கிறது. அதிலிருந்து மலைவாழைக்குப் பாய்ச்சுகிறோம்.

சென்ற ஜனவரியில் நுழையும் நீரையும் கடைசிக் குட்டை நீரையும் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். உள்ளே வரும்போது லிட்டருக்கு 18,000 மில்லிகிராமாக இருந்த சிஓடி (கழிவை வேதிமுறையில் எரிக்கத் தேவையான ஆக்சிஜன்), முடிவில் 3,200 ஆகியிருந்தது. பிஓடி (அதை நுண்ணுயிர்கள் தின்னத் தேவையான ஆக்சிஜன்) 9,500 இலிருந்து 420 ஆகியிருந்தது. பிஓடி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு குறைந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் மிஞ்சியிருக்கும் அந்த மூவாயிரத்துச் சொச்சம் எது என்பது எனக்குப் புரியவில்லை. அதைவிடக் குழப்பம் தருவது நிறம். பல்பரிலிருந்து தேன் நிறத்தில் வரும் நீர், சுண்ணாம்புத் தொட்டியைத் தாண்டியதும் கரும்பச்சையாகி, கடைசிக் குட்டையில் மைபோல் நிற்கிறது. கீழே ஓடை இருப்பதால், சுத்தம் செய்வதாகச் சொல்லிவிட்டுச் சாயத்தண்ணீரைத் தேக்கிவைத்திருக்கிறோம் என்று ஊரில் பேசுகிறார்கள். பாக்டீரியாத் தூள் விற்கும் ஒருவர், தூளை இரட்டிப்பாகப் போட்டால் இரண்டும் சரியாகிவிடும் என்கிறார். சுத்திகரிப்பு நன்றாக நடந்தால் நீர் தெளியத்தானே வேண்டும்? இது ஏன் கறுக்கிறது? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: உதகை, சுற்றுச்சூழல் பொறியியல் ஆசிரியை

தூளை வாங்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் குட்டையில் பாக்டீரியாவுக்குக் குறைவிருந்தால் பிஓடி 420 வரை இறங்கியிருக்காது. அவை தின்னக்கூடியதைப் பெரும்பாலும் தின்று முடித்துவிட்டன. மிஞ்சியிருப்பது அவை தின்ன மறுப்பது.

நீங்கள் பெற்ற இரண்டு எண்களும் ஒரே பொருளை இரண்டு விதமாகக் கேட்ட கேள்விகளின் விடைகள். சிஓடி அளவீட்டில், கந்தக அமிலத்தோடு டைக்ரோமேட்டைச் சேர்த்து 150 டிகிரி வெப்பத்தில் இரண்டு மணி நேரம் கொதிக்கவைப்பார்கள். அந்தச் சூட்டில் சர்க்கரை, நார், டானின், செத்த பாக்டீரியா எதுவாக இருந்தாலும் ஏறக்குறைய முழுவதும் எரிந்துவிடும். பிஓடி அளவீட்டில், நம் நாட்டு முறைப்படி, 27 டிகிரியில் மூன்று நாள் வைத்திருந்து, நுண்ணுயிர்கள் தாமாகத் தின்று எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழித்தன என்று பார்க்கிறார்கள். சருகு, விறகு, கட்டை அனைத்தையும் அடுப்பிலிட்டு வரும் சூட்டைக் கணக்கிடுவது முதலாவது. அதே குவியலின் முன் ஒரு மாட்டைக் கட்டி, மூன்று நாளில் எதைத் தின்றது என்று பார்ப்பது இரண்டாவது. ஆகவே பிஓடியைச் சிஓடியால் வகுத்தால், குவியலில் தீவனம் எவ்வளவு என்று தெரியும். உங்கள் நீர் நுழையும்போது அந்த விகிதம் 0.53. அரைப்பங்குக்கு மேல் இருந்தால் எளிதில் மக்கும் நீர் என்பது வழக்கம். முடிவில் விகிதம் 0.13. அதாவது அளவு குறைந்ததோடு தன்மையும் மாறியிருக்கிறது. கடைசிக் குட்டையில் இருப்பதை நீர்த்துப்போன காபிக் கழிவு என்று எண்ணக் கூடாது. அது வேறொரு கலவை.

இந்த மாற்றம் எந்த வரிசையில் நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை அதில்தான் இருக்கிறது. பழத்தோலிலிருந்தும் சதையிலிருந்தும் நீரில் இறங்குபவை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் போன்ற எளிய சர்க்கரைகள், வழும்பில் உள்ள பெக்டின், கொஞ்சம் புரதம், குளோரோஜெனிக் அமிலம், டானின் முதலிய பாலிஃபீனால்கள் (வளையக் கட்டமைப்புள்ள துவர்ப்புப் பொருள்கள்), காஃபீன், பிறகு கண்ணுக்குத் தெரியும் நார்த்துணுக்குகள். சர்க்கரைகள் குட்டையை அடைவதற்கு முன்பே, வாய்க்காலிலேயே, சில மணி நேரத்தில் லாக்டிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் சாராயமாகவும் மாறிவிடுகின்றன. நீர் புளித்து, அதன் அமிலநிலை (பிஎச் எண்; அது குறையக் குறையப் புளிப்பு கூடும்) நாலுக்குப் பக்கமாக இறங்குவது இதனால்தான். மணமும் சுவையும் அடியோடு மாறிவிட்டாலும், இந்தக் கட்டத்தில் சிஓடி ஏறத்தாழ அப்படியே இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இரண்டு லாக்டிக் அமில மூலக்கூறுகளாக உடைந்தால், எரிக்கத் தேவையான ஆக்சிஜன் சிறிதும் குறைவதில்லை. பொருள் உருமாறியதே தவிர, வெளியேறவில்லை.

வெளியேறுவதற்கு உங்கள் ஏற்பாட்டில் மூன்று வழிகள்தாம் உள்ளன. காற்றில்லாக் குட்டையில் அமிலங்கள் மெத்தேனாக மாறிக் காற்றில் கலப்பது ஒன்று. ஒரு கிலோ சிஓடி உண்மையாகவே அழிந்தால், திட்ட வெப்ப அழுத்த நிலையில் 0.35 கனமீட்டர் மெத்தேன் வரவேண்டும். காற்றூட்டும் தொட்டியில் ஆக்சிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவாகப் போவது இன்னொன்று. மூன்றாவது, கசடாக அடியில் படிவது. இதை வெளியேற்றம் என்று சொல்வதைவிட ஒளிந்துகொள்வது என்று சொல்வதே பொருந்தும். குட்டையின் மூடியில் குமிழே தெரியாமல் சிஓடி மட்டும் இறங்கினால், அது பெரும்பாலும் மூன்றாவது வழியில்தான் போயிருக்கும்.

பெக்டின் சர்க்கரையைவிட மெதுவாக உடைகிறது. அது கலக்டூரோனிக் அமிலக் கண்ணிகளால் ஆன நீண்ட சங்கிலி. முதலில் நொதிகள் அதிலுள்ள மெத்தில் பகுதிகளைக் கழற்றி மெத்தனாலாக விடுகின்றன, பிறகே சங்கிலி அறுபடுகிறது. மெத்தேன் உண்டாக்கும் சில நுண்ணுயிர்கள் அந்த மெத்தனாலை நேராகவே எடுத்துக்கொள்ளும். பாலிஃபீனால்களின் கதை வேறு. டானின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. நெல்லிக்காயைக் கடித்தால் நாக்கு துவர்த்து இழுப்பதும் இந்த இயல்பால்தான். நுண்ணுயிர்கள் வெளிவிடும் நொதிகளும் புரதங்களே ஆகையால், டானின் தன்னை உடைக்க வரும் கருவியையே மழுங்கச் செய்கிறது. காற்றுப் பட்ட பாலிஃபீனால்கள் ஒன்றோடொன்று பிணைந்து பெரிய, பழுப்பு நிற மூலக்கூறுகளாகவும் ஆகின்றன. காட்டு மண்ணில் சருகு மக்கி உண்டாகும் மட்குப் பொருளுக்கு இவை நெருங்கிய உறவு. நுண்ணுயிர்களால் இவற்றை எளிதில் உடைக்க முடிவதில்லை.

இத்தோடு, வெளியிலிருந்து வராமல் அங்கேயே பிறந்த பொருளும் இருக்கிறது. காற்றூட்டும் தொட்டியில் பாக்டீரியாக்கள் தின்றதில் ஏறக்குறையப் பாதி அவற்றின் உடலாகிறது. அவை சுரக்கும் கோந்து, செத்தபின் மிஞ்சும் செல்சுவர் ஆகியவை நீரில் கரைந்தும் மிதந்தும் கிடக்கின்றன. ஓர் ஒளியைப் பாய்ச்சி, நீர் அதை உறிஞ்சி வெளிவிடும் வேறோர் ஒளியை அளக்கும் ஒளிர்வு முறையில் ஆராய்ந்தால் இந்த மாற்றத்தை நேராகவே காணலாம். சுத்திகரிக்காத கழிவுநீரில் 275 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சினால் 340 பக்கமாகப் புரதத்துக்கே உரிய ஒளிர்வு வலுவாக எழும். சுத்திகரிப்பு முன்னேற முன்னேற அது மங்கி, 340இல் தூண்டி 440 பக்கமாகத் தெரியும் மட்குப்பொருள் ஒளிர்வு ஓங்கும். இதற்கெல்லாம் செலவழிக்க வேண்டாம். 254 நானோமீட்டர் புறஊதா ஒளியை நீர் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று மட்டும் அளந்து, அதை நீரிலுள்ள கரைந்த கரிம அளவால் வகுத்துத் தரச் சொல்லுங்கள். அந்த எண் உள்ளே வரும் நீரைவிடக் கடைசி நீரில் உயர்ந்திருந்தால், நான் சொன்ன வளையக் கட்டமைப்புப் பொருள்களே மிஞ்சியிருக்கின்றன என்று உறுதியாகும்.

பதில்: குன்னூர், ஓய்வுபெற்ற ஆலை மேற்பார்வையாளர்

அம்மா சொன்னதற்கு மேல் வேதியியல் எனக்குத் தெரியாது. ஆனால் தேயிலைத் தொழிற்சாலையிலும், பிறகு பழச்சாறும் ஜாமும் செய்யும் ஆலையிலும் வேலை பார்த்தவன் என்ற முறையில் நிறத்தைப் பற்றிச் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் உண்டு.

பச்சைத் தேயிலையைக் கசக்கிப் பரப்பினால், ஒன்றரை மணி நேரத்துக்குள் செம்பு நிறமாகிறது. வெளியிலிருந்து யாரும் சாயம் சேர்ப்பதில்லை. இலைக்குள் இருந்த நிறமற்ற பாலிஃபீனால் காற்றோடு சேர்ந்து நிறமுள்ளதாகிறது. அதே தேநீரில் எலுமிச்சை பிழிந்தால் நிறம் வெளுக்கிறது, சிட்டிகை சோடா உப்பைப் போட்டால் கறுக்கிறது. தேநீர்க் கடைக்காரர்கள் யாவரும் இதை அறிவார்கள். தோட்டக்காரர் ஐயா செய்வது, சோடா உப்புக்குப் பதிலாகச் சுண்ணாம்பைப் போடுவது. புளித்த நீரில் தேன் நிறமாக இருக்கும் அதே பொருள், ஏழு, எட்டு என்று காரம் ஏறும்போது கரும்பச்சையாகவும் கறுப்பாகவும் தெரிகிறது. ஆகவே முதல் தொட்டியைத் தாண்டியதும் நீர் கறுத்ததில் வியப்பில்லை. கறுப்பு கூடியதால் அழுக்கு கூடிவிட்டது என்று பொருள் இல்லை. ஆனால் கார நிலையில் காற்றும் பட்டால் அந்த நிறம் நிலைத்துவிடும், பிறகு புளிப்பைச் சேர்த்தாலும் முழுவதும் திரும்பாது.

இன்னொரு காரணத்தையும் பார்க்கச் சொல்கிறேன். உங்கள் பல்பரிலோ, குழாயிலோ, தொட்டி மூடியிலோ துருப்பிடித்த இரும்பு இருக்கிறதா? கலம்காரித் துணிக்குக் கறுப்பு ஏற்றுபவர்கள் துணியை முதலில் கடுக்காய்ச் சாற்றில் நனைத்து வைத்துவிட்டு, வெல்லநீரில் இரும்பை ஊறவைத்த துருநீரால் எழுதுகிறார்கள். டானினும் இரும்பும் சந்தித்த இடத்தில் மை பிறக்கிறது. புளித்த காபிநீர் இரும்பை அரிப்பதில் வெல்லநீருக்குக் குறைந்ததில்லை. நீரைத் தெளியவைக்க ஃபெரிக் என்னும் இரும்பு உப்பைப் போடச் சொல்லி யாராவது வந்தால், இதை நினைவில் வைத்துக்கொண்டு முதலில் ஒரு குவளையில் போட்டுப் பாருங்கள்.

ஜாம் ஆலையில் நான் கற்றது பெக்டினைப் பற்றியது. ஜாம் இறுகுவதற்கு மிகுந்த சர்க்கரையும், அமிலநிலை மூன்றையொட்டிய புளிப்பும் வேண்டும். ஆனால் மெத்தில் பகுதி கழன்ற பெக்டினுக்கு அவை எதுவும் வேண்டாம், சுண்ணாம்புச் சத்து மட்டும் போதும், உடனே கூழாகிவிடும். எங்கள் ஆலைக் கழிவுநீரில் சுண்ணாம்பு போட்டபோதெல்லாம் தொட்டியில் ஆடைபோல் வழவழப்பான கட்டி மிதக்கும், இல்லாவிட்டால் அடியில் தங்கும். அதை அள்ளாமல் விட்ட வாரங்களில் குழாய் அடைத்துக்கொள்ளும். உங்கள் முதல் தொட்டியிலும் அது கட்டாயம் இருக்கும். அம்மா ஒளிந்துகொள்வது என்று சொன்னாரே, உங்கள் சிஓடியில் ஒரு பங்கு அங்கேதான் ஒளிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பதில்: பண்ணைக்காடு தோட்டக்காரர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலையே ஒரு கண்ணாடிக் குவளையில் கடைசிக் குட்டை நீரை எடுத்து எலுமிச்சை பிழிந்து பார்த்தேன். மைநிறம் போய்ப் பழுப்பாக, கடுங்காப்பி நீர்த்தது போல ஆயிற்று, ஆனால் தேன் நிறம் வரவில்லை. ஐயா சொன்னபடியே இருந்தது. பல்பரின் அடித்தகடும் நீர் வரும் பழைய குழாயும் துருப்பிடித்துத்தான் இருக்கின்றன. முதல் தொட்டியில் மிதக்கும் ஆடையை நாங்கள் இதுவரை கோலால் கலக்கி உள்ளேயே அமிழ்த்தி வந்தோம் என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இதை எழுதும்போது வேறொன்று நினைவுக்கு வருகிறது. ஜனவரியில் அளவெடுத்த அதே பருவத்தில், பிப்ரவரி முதல் வாரத்தோடு பழம் உரிப்பது முடிந்துவிட்டது, அதன் பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் உள்ளே வரவில்லை. ஆனால் மார்ச் கடைசியில் காற்றில்லாக் குட்டை திடீரெனக் கொதிப்பதுபோல் குமிழ்விட்டு, கறுப்புக் கட்டிகள் மேலே வந்து, நாற்றமும் எழுந்தது. அப்போது எடுத்த நீரில் சிஓடி ஜனவரியில் இருந்ததைவிட அதிகமாகவே இருந்தது. அளவெடுத்ததில் தவறு என்று எண்ணி விட்டுவிட்டேன். இதற்கும் கசடுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உதகை, சுற்றுச்சூழல் பொறியியல் ஆசிரியை

அளவெடுத்ததில் தவறில்லை. ஜனவரியில் உங்களுக்குக் கிடைத்த நல்ல எண்ணின் மீதிக் கணக்கைத்தான் மார்ச்சில் குட்டை தீர்த்திருக்கிறது.

மலையில் காபிக் கழிவைச் சுத்திகரிப்பவர்களுக்கு ஒரு முரண் உண்டு. அரபிகாப் பழம் பழுத்துக் குவிவது நவம்பர் முதல் ஜனவரி வரை. வடகிழக்குப் பருவமழையின் பின்பாதியும், அதைத் தொடர்ந்து ஆண்டிலேயே குளிர்ந்த நாள்களும் அப்போதுதான் வருகின்றன. மெத்தேன் நுண்ணுயிர்களுக்கு 35 டிகிரிப் பக்கம் உகந்தது. அதிலிருந்து பத்துப் பத்து டிகிரியாக இறங்க இறங்க, அவற்றின் வேகம் ஏறத்தாழப் பாதி பாதியாகக் குறைகிறது. கழிவு மிகுந்து வரும் நாள்களில் குட்டை அரைத்தூக்கத்தில் இருக்கிறது. ஆனால் படிதலுக்குக் குளிர் அவ்வளவாகத் தடையில்லை. ஆகவே சுண்ணாம்பால் கூழான பெக்டினும், நார்த்துணுக்கும், டானினோடு பிணைந்த புரதமும் அடியில் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்திருக்கின்றன. மேல்நீரில் சிஓடி குறைந்தது. அடியில் அது கிடங்கு வைத்ததுபோல் ஏறியது. மார்ச்சில் வெயில் ஏறியதும் அந்தக் கிடங்கு திறந்தது. முதலில் விழிப்பவை கசடை உடைத்து அமிலமாக்கும் நுண்ணுயிர்கள், மெத்தேன் நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் கரையாதிருந்த பொருள் கரைந்த அமிலமாக மேல்நீருக்கு வந்துவிடுகிறது. சிஓடி ஏறியதும் நாற்றம் எழுந்ததும் அதனால்தான். ஒரு குறிப்பு: நாற்றத்துக்குக் காரணமான சல்ஃபைடும் டைக்ரோமேட்டில் எரியும், ஒரு கிராம் கந்தகத்துக்கு இரண்டு கிராம் ஆக்சிஜன் கணக்கில். ஆகவே அன்றைய எண்ணில் கரிமப் பொருள் அல்லாததும் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் தொட்டியின் ஆடையை அமிழ்த்தாமல் தினமும் வலையால் அரித்தெடுத்து, தோலோடும் சாணத்தோடும் சேர்த்து எருக்குழியில் போடுங்கள். சுண்ணாம்பால் அமிலநிலை எண்ணை ஏழுக்கு மேல் ஏற்றாதீர்கள். அதற்கு மேல் போடும் ஒவ்வொரு கைப்பிடியும் நிறத்தைக் கூட்டுமே தவிர, நுண்ணுயிர்களுக்கு உதவாது. அடுத்த பருவத்துக்கு முன், குட்டைக் கசடில் மூன்றில் ஒரு பங்கை விதைக்காக விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடலாம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதுவது, தோல் நீரில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது. பழத்தின் எடையில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு தோலும் சதையும்தான். பல்பரிலிருந்து அந்தத் தோலை நீரோடு அடித்துக்கொண்டுபோய் ஒரு மூலையில் குவிப்பது வழக்கம். அது ஓடும் தூரமெல்லாம் பாலிஃபீனாலும் சர்க்கரையும் நீரில் இறங்கிக்கொண்டே இருக்கும். தோலைச் சரிவுத் தகட்டிலோ திருகுப் பாதையிலோ உலர்வாகவே வெளியே தள்ளினால், மைக்குக் காரணமான பொருளில் பெரும்பங்கு நீரையே பார்க்காது. இறங்கியபின் அதை அகற்றும் வழிகளும் உண்டு. படிகாரத்தால் ஒரு பங்கைத் திரளவைக்கலாம், கரியில் ஒட்டவைக்கலாம், ஓசோனால் உடைக்கலாம். ஆனால் ஒரு சிறு தோட்டத்துக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

பதில்: கொடைக்கானல், பாலாடைக்கட்டி செய்பவர்

நான் செய்வது வேறு தொழில் என்றாலும், இதே மலையில், இதே குளிரில் கழிவுநீரோடு போராடுபவன் என்பதால் எழுதுகிறேன். பால் திரிந்து கட்டி எடுத்தபின் வடியும் வே நீரின் சிஓடி லிட்டருக்கு 50,000 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கும், உங்கள் நீரைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். ஆனால் அதில் பெரும்பகுதி லாக்டோஸ் எனும் பால்சர்க்கரை என்பதால் கடைசியில் வரும் நீர் வெளிறித்தான் இருக்கும். எங்களுக்கு மிஞ்சும் தொல்லை இரண்டு. கொழுப்பு உடைந்து வரும் நீண்ட அமிலங்கள் மெத்தேன் நுண்ணுயிர்கள் மேல் படிந்து அவற்றைச் செயலிழக்கச் செய்யும். புரதம் உடைந்து வரும் அம்மோனியா சிஓடி எண்ணில் தெரியாமலே நீரில் தங்கும். அதை நைட்ரேட்டாக மாற்ற ஒரு மில்லிகிராம் நைட்ரஜனுக்கு ஏறத்தாழ நாலரை மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகும். எங்கள் சிஓடி நன்றாக இறங்கியிருந்த ஒரு மாதத்தில், அந்த நீரை நிரப்பிய தொட்டியில் விட்டுப் பார்த்த மீன்கள் பிழைக்கவில்லை. அப்போதுதான் ஒரே எண்ணை நம்பக் கூடாது என்று எனக்கு உறைத்தது.

தோட்டக்காரருக்கு நேர்எதிரான சிக்கல் இருக்கலாம். காபிநீரில் சர்க்கரை மிகுதி, நைட்ரஜன் குறைவு. காற்றூட்டும் தொட்டியில் பிஓடி நூறு பங்குக்கு நைட்ரஜன் ஐந்தும் பாஸ்பரஸ் ஒன்றும் வேண்டும் என்பார்கள். அது கிடைக்காதபோது பாக்டீரியாக்கள் உடலை வளர்க்க முடியாமல், தின்ற சர்க்கரையைக் கோந்தாகச் சுரந்துவிடும். கூடவே நூல்போன்ற வகைகள் தலைதூக்கும். உங்கள் காற்றூட்டும் தொட்டியில் கசடு படியாமல் பஞ்சுபோல் மிதக்கிறதா? அப்படியானால் கடைசிக் குட்டையின் சிஓடியில் அந்தக் கோந்துக்கும் பங்கு உண்டு. மாட்டுச் சிறுநீர் சேர்ந்த தொழுவக் கழுவுநீரை அளவோடு அந்தத் தொட்டியில் விட்டுப் பாருங்கள்.

ஆசிரியை அம்மா நிறத்தை அவ்வளவு பெரிதாக எண்ணவில்லை என்று தோன்றுகிறது. அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கறுத்த நீர் ஓடையில் இறங்கினால் வெயில் அடிவரை புகாது, பாசியும் நீர்ச்செடியும் ஆக்சிஜன் விடுவது நின்றுபோகும். பொதுத் தரநிலையிலும் நிறத்தையும் நாற்றத்தையும் இயன்றவரை அகற்றப் பாடுபட வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது. நஞ்சில்லை என்று நாம் சொன்னாலும், கீழே குடம் எடுத்து வருபவர்கள் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

பதில்: உதகை, சுற்றுச்சூழல் பொறியியல் ஆசிரியை

நீங்கள் சொல்வது சரி, நான் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். நிறம் பொருட்டில்லை என்பது மண்ணில் பாய்ச்சும்போது மட்டுமே பொருந்தும். வாழை மண்ணுக்குள் அந்த மட்குப்பொருள் ஒட்டிக்கொள்ளும், அதனால் கேடு இல்லை. ஓடையில் ஒரு சொட்டும் விழக் கூடாது. தரநிலையும் இரண்டுக்கும் வேறுவேறு. நிலத்தில் பாய்ச்ச பிஓடி 100க்குள் இருக்க வேண்டும், ஆறு, ஓடைகளில் விட 30க்குள் பிஓடியும் 250க்குள் சிஓடியும் இருக்க வேண்டும். தோட்டக்காரர் இன்னும் 420இல் நிற்கிறார் என்பதை நாம் யாரும் கண்டுகொள்ளாமல் நிறத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். தொண்ணூற்றைந்து விழுக்காடு என்பது கேட்க நன்றாக இருந்தாலும், இப்போதைக்கு அந்த நீரை வாழைக்கும் பாய்ச்சக் கூடாது. நைட்ரஜனைச் சரிசெய்து, காற்றூட்டும் நேரத்தையும் கூட்டிவிட்டு, மீண்டும் அளந்து பாருங்கள். 420இல் இருந்து 100க்கு இறங்கும் பகுதி நுண்ணுயிர்களால் முடியக்கூடியது. சிஓடியில் மிஞ்சும் இரண்டாயிரத்துச் சொச்சம் அவற்றால் முடியாதது.

பதில்: பண்ணைக்காடு தோட்டக்காரர்

கசடு பஞ்சுபோல்தான் மிதக்கிறது, கொடைக்கானல் நண்பர் நேரில் பார்த்ததுபோல் சொல்லிவிட்டார். வாழைக்குப் போகும் மதகை இன்று காலையே அடைத்துவிட்டேன். குட்டையில் இடமிருப்பதால் மூன்று வாரம் தாக்குப்பிடிக்கும். தோலை உலர்வாகத் தள்ளும் தகட்டுக்குத் திண்டுக்கல்லில் ஒரு பட்டறையில் சொல்லியிருக்கிறேன். இந்த முறை நான்கு இடங்களிலும் நீர் எடுத்து அனுப்ப நினைக்கிறேன். இரும்பையும் அம்மோனியாவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன். இங்கிருந்து ஆய்வகம் போய்ச்சேர அரைநாள் ஆகிறது. நீரை எடுப்பதில் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

பதில்: குன்னூர், ஓய்வுபெற்ற ஆலை மேற்பார்வையாளர்

உண்டு ஐயா. ஒவ்வோர் இடத்திலும் இரண்டு புட்டி எடுங்கள். சிஓடிக்கும் அம்மோனியாவுக்கும் உரிய புட்டியில், ஆய்வகத்தார் கொடுக்கும் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அமிலநிலையை இரண்டுக்குக் கீழே இறக்கிவிட வேண்டும். பிஓடிக்கு உரியதில் அமிலம் படவே கூடாது, ஏனெனில் அளக்க வேண்டிய நுண்ணுயிர்களையே அது கொன்றுவிடும். அதைக் காற்றிடம் இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். இரும்புக்குத் தனியாக ஒரு சிறு புட்டி கேட்டு வாங்குங்கள், அதற்கு அவர்கள் நைட்ரிக் அமிலம் விட்டுக் கொடுப்பார்கள். எலுமிச்சைச் சோதனையை வைத்து இரும்பு இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். எலுமிச்சைப் புளிப்பு, காரத்தால் வந்த கறுப்பையும் வெளுக்கும், இரும்பு மையையும் கரைக்கும். சட்டையில் பட்ட துருக்கறைக்கு எலுமிச்சை தேய்ப்பதில்லையா, அதேபோலத்தான்.